உடன்கட்டை ஏறும் உரிமம்

கூமாப்பட்டியில் ஒருவர் இறந்தால் அவருடைய நிலம், வீடு, ஆடு மாடு, அடகில் கிடக்கிற நகை, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் எல்லாவற்றுக்கும் வாரிசு உண்டு. வத்திராயிருப்பு தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் தருவார்கள். அலைய விட்டாவது தருவார்கள். இப்போது எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதால் தாலுகா ஆபீசுக்கு முன்னால் ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து, ஆதார் நம்பர் கேட்டு, மூன்று தடவை ஓடிபி கேட்டு, விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார்.

அந்த லேப்டாப்பின் மதர்போர்டு செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடி, வோல்டேஜ், எலி, ஏதோ ஒன்று காரணம். திரை நன்றாக இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது. போர்டை மாற்றினால் மிஷின் பிழைத்துவிடும். ஆனால் லேப்டாப்போடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் பிழைக்காது. தாலுகா ஆபீசில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அதற்கு வாரிசுச் சான்றிதழ் கிடையாது. லேப்டாப்போடு ஒட்டி வந்த விண்டோஸ் அந்த லேப்டாப்போடுதான் வாழ வேண்டும், அதோடுதான் சாக வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. திரை, கீபோர்டு, டிஸ்க் என்று இத்தனை இருக்கும்போது எதை ‘அந்த லேப்டாப்’ என்று கொள்வது? மதர்போர்டைத்தான். பழுதான போர்டுக்குப் பதிலாகத் தயாரிப்பு நிறுவனமே அதே ரகத்தில் இன்னொன்றைப் போட்டுக் கொடுத்தால் விதிவிலக்கு உண்டு. நீங்களாகக் கொஞ்சம் நல்ல போர்டு வாங்கிப் போட்டுவிட்டால் அது சட்டப்படி புது மிஷின். புது மிஷினுக்குப் புது உரிமம், புதுக் காசு.

வங்காளத்தில் 1829-இல் பெண்டிங்க் பிரபு உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்தார். மறு ஆண்டே சென்னை மாகாணத்துக்கும் சட்டம் வந்தது. மென்பொருளுக்கு இன்னும் எந்தப் பிரபுவும் பிறக்கவில்லை.

லேப்டாப்போடு ஒட்டி வருகிற இந்த உரிமத்துக்கு ஓஇஎம் உரிமம் என்று பெயர். தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற விண்டோஸுக்கு ரீட்டெயில் உரிமம் என்று பெயர். உள்ளே இருக்கும் சரக்கில் ஒரு குண்டுமணி வித்தியாசம் கிடையாது. அதே திரை, அவசரமாக ஒரு பிரிண்ட் எடுக்கும்போது பார்த்து வருகிற அதே அப்டேட். ஆனால் ரீட்டெயில் வைத்திருப்பவர் பழைய மிஷினிலிருந்து அதைக் கழற்றிப் புது மிஷினில் போட்டுக்கொள்ளலாம். ஒரு சமயத்தில் ஒரு மிஷினில் இருந்தால் சரி. சிக்கல் வந்தால் மைக்ரோசாஃப்டைக் கேட்கலாம். ஓஇஎம்காரர் கேட்டால், ‘லேப்டாப் செய்த நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்று பதில் வரும். லேப்டாப் நிறுவனத்தைக் கூப்பிட்டால் இப்படிப் போகும்:

“வாரண்டி முடிஞ்சிருச்சு சார்.”

“வாரண்டி முடிஞ்சது லேப்டாப்புக்குதானம்மா. விண்டோஸுக்குமா முடிஞ்சது?”

“அது லேப்டாப்கூட வந்தது சார்.”

“வந்ததுன்னா? நான் காசு கொடுத்துல்ல வாங்குனேன்.”

“லேப்டாப்புக்குக் கொடுத்தீங்க சார்.”

பேசுகிற பெண்ணைத் திட்டிப் பயனில்லை. அவர் சொன்னதுதான் விதி. வாங்கியவர் நீங்கள், உரிமம் போர்டுக்கு.

விலையைப் பார்ப்போம் என்றால் அங்கேதான் வேடிக்கை. விண்டோஸ் 11 ஹோம் ரீட்டெயிலில் அமெரிக்காவில் 139 டாலர். நம் பணத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும். லேப்டாப்போடு வருகிற அதே விண்டோஸுக்குத் தயாரிப்பாளர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவருக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் இடையிலான குடும்ப ரகசியம். பில்லில் தனி வரி இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா டப்பாவில் அடைத்து விற்கிறவர் எடை, விலை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பது வரை அச்சடிக்க வேண்டும். தவறினால் அதிகாரி வந்து நிற்பார். அரை லட்ச ரூபாய் லேப்டாப்புக்குள் இருக்கும் சரக்குக்கு விலையும் எழுத வேண்டாம், எப்போது கெடும் என்றும் எழுத வேண்டாம். ஷோரூமில் “விண்டோஸ் ஃப்ரீ சார்” என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்கிற பையனுக்குச் சத்தியமாகத் தெரியாது, அதனால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

முன்பெல்லாம் லேப்டாப்பின் அடிவயிற்றில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 25 எழுத்துச் சாவி. சூட்டிலும் வியர்வையிலும் அது இரண்டு வருடத்தில் தேய்ந்து வழுக்கையாகிவிடும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சாவியைப் போர்டில் இருக்கும் சிப்புக்குள் எழுதிவிட்டார்கள். ஃபார்மேட் அடித்தாலும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாவி உங்கள் கண்ணில் படுவதே இல்லை. உங்களுக்கும் உங்கள் விண்டோஸுக்கும் இருந்த ஒரே உறவு அந்த அழுக்கு ஸ்டிக்கர்தான். அதையும் உரித்துவிட்டார்கள்.

இதில் மறுபிறவி விவகாரம் வேறு இருக்கிறது. செத்த போர்டைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் போனால் சர்வீஸ் கடைக்காரர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆள் சொல்லி, யாரோ எப்போதோ எடைக்குப் போட்ட லேப்டாப்பின் போர்டை வாங்கி மாட்டுவார். பவர் பட்டனை அமுக்கினால் சில சமயம் விண்டோஸ் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். எப்படி? அந்த முகம் தெரியாத மனிதரின் சாவி இன்னும் அந்தச் சிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் காசு கொடுத்த உரிமம் உங்கள் பழைய போர்டோடு குப்பைக்குப் போயிற்று. எவரோ காசு கொடுத்த உரிமம் உங்கள் மடியில் உயிர்த்து எழுந்திருக்கிறது. உங்களுடையது உங்களுக்கு இல்லை, இது உங்களுடையது என்று சொல்லவும் காகிதம் இல்லை. வேதாந்திகள் ஆயிரம் வருடம் சண்டை போட்ட கேள்விக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட்ஹேண்ட் விலைக்குப் பதில் கிடைக்கிறது.

இந்த ஒட்டு வியாபாரத்தின் பூர்வீகம் பழையது. மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் கணினித் தயாரிப்பாளர்களோடு ‘பிராசஸருக்கு இவ்வளவு’ என்று ஒப்பந்தம் போட்டது. தயாரிப்பாளர் விற்கிற ஒவ்வொரு மிஷினுக்கும் மைக்ரோசாஃப்டுக்குக் காசு கட்ட வேண்டும், அதில் மைக்ரோசாஃப்டின் டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1994-இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்டு அதை நிறுத்தியது. ஐரோப்பாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கணினியோடு விற்க வேண்டிய ஓஇஎம் பிரதியைத் தனியாக விற்ற வியாபாரியைத் தடுக்க முடியாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000 ஜூலையில் சொல்லிவிட்டது. ஒரு தடவை விற்றாயிற்று, அத்தோடு உன் பிடி விட்டுப்போயிற்று என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வேண்டாத விண்டோஸின் காசைத் திருப்பிக் கொடு என்று இத்தாலிய உச்ச நீதிமன்றம் 2014-இல் எச்பி வழக்கில் சொன்னது. அதே இத்தாலியில் லெனோவோ லேப்டாப் வாங்கிய ஒருவர் விண்டோஸ் வேண்டாம் என்று 42 யூரோ திருப்பிக் கேட்டார். நிறுவனம் இழுத்தடித்தது. மோன்சா நகர நீதிமன்றம் 2020 டிசம்பரில், 42 யூரோவோடு 20,000 யூரோ நஷ்டஈடும் கொடு என்று தீட்டிவிட்டது. இத்தனைக்கும் அந்த ஆள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘இந்த நிபந்தனைகள் பிடிக்கவில்லை என்றால் ஏற்காதீர்கள், திருப்பித் தரும் முறையைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்’ என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. அவர் படித்துவிட்டார், அவ்வளவுதான். அந்த உரிமத்தைப் படிக்கிற வாடிக்கையாளரை எந்தக் கம்பெனியும் எதிர்பார்ப்பதில்லை.

இனி நம் ஊர்.

சிங்கானியா அண்ட் பார்ட்னர்ஸ் என்ற வழக்கறிஞர் நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் 2010-இல் இதே விஷயத்தைப் புகாராகக் கொண்டுபோனது. ஒரே மென்பொருள், கணினியோடு வாங்கினால் ஒரு விலை, தனியாக வாங்கினால் பன்மடங்கு விலை. இது சந்தையில் மேலாதிக்கம் உள்ளவர் செய்கிற பாகுபாடு இல்லையா என்பது கேள்வி. ஆணையம் 2011-இல் புகாரை முடித்து வைத்தது. இரண்டும் வேறு வேறு உரிமைகள், உரிமைகள் வேறானால் விலையும் வேறாக இருக்கலாம் என்ற தர்க்கம் போதுமானதாக இருந்தது.

தர்க்கம் குறையில்லாதது. குறைந்த உரிமை, குறைந்த விலை. கூமாப்பட்டிச் சந்தையில் தேங்காய் விற்கிற பாட்டிகூட இதை ஏற்பார். ஆனால் அந்தப் பாட்டி உடனே அடுத்த கேள்வியைக் கேட்பார்: “ரெண்டையும் எங்கிட்ட காமிச்சீயளா?” காட்டவில்லை. லேப்டாப் கடையில் யாரும் உங்களிடம், ‘ஐயா, போர்டோடு சாகிற உரிமம் இந்த விலை, உங்களோடு வருகிற உரிமம் இந்த விலை, எது வேண்டும்?’ என்று கேட்டதில்லை. விலை தெரியாது, வித்தியாசம் தெரியாது, தேர்ந்தெடுக்க வழியில்லை. தேர்ந்தெடுக்கவே விடாத ஒருவனிடம் போய், நீ மலிவானதைத்தானே தேர்ந்தெடுத்தாய் என்பதற்குச் சட்டப் படிப்பு வேண்டும். சாதாரணப் புத்திக்கு அது வராது.

டாஸ் மிஷின் வாங்கலாமே என்பார்கள். விண்டோஸ் இல்லாமல் சில ஆயிரம் குறைவாக வருகிற ரகம் உண்டுதான். அதை வாங்கியவர் அன்று மாலையே மருமகனைக் கூப்பிட்டுக் கிராக் விண்டோஸ் போட்டுக்கொள்கிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது? ஆந்திர அரசு விற்பனை வரி கேட்டபோது டாடா கன்சல்டன்சி உச்ச நீதிமன்றம் போனது. கடையில் விற்கும் ரெடிமேட் மென்பொருள் ‘சரக்கு’தான், வரி கட்டு என்று 2004 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். 2021 மார்ச்சில் இன்னொரு வழக்கில், வெளிநாட்டு மென்பொருளுக்குக் கொடுக்கும் காசு ராயல்டி இல்லை, அது சரக்கை வாங்கிய விலைதான் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, வரித்துறையின் முன்னால் நிற்கும்போது மென்பொருள் அரிசி மூட்டையைப் போலக் கண்ணியமான ஒரு சரக்கு. அதை நீங்கள் எடுத்து வேறு மிஷினில் போடப் போனால் அது சரக்கில்லை, உங்களுக்கு அளிக்கப்பட்ட அனுமதி மட்டுமே. வரி கட்டியது நீங்கள், அதுவும் 18 சதவீதம். அனுமதி கொடுத்தது எவரோ.

சரி, தனி ஆள் பேரம் பேச முடியாது. லட்சக்கணக்கில் வாங்குகிறவர் பேசலாமே? அப்படி ஒருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். அவர் பெயர் தமிழ்நாடு அரசு.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டு இலக்கு மட்டும் 9.12 லட்சம் மிஷின். மூடியில் முதலமைச்சர் படம். உள்ளே விண்டோஸ் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். ஒரே டிஸ்கில் இரண்டு குடித்தனம். ஒன்று போர்டு செத்தால் சாகும். இன்னொன்றை எந்த மிஷினில் வேண்டுமானாலும், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போடலாம், காசு கிடையாது, கேட்க ஆள் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தோம்? சாகிறதைத்தான். பாஸ் லினக்ஸைப் பையன்கள் முதல் வாரமே அழித்து அந்த இடத்தில் சினிமா ஏற்றினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரையாவது பழக்கினார்களா? ராஜபாளையத்தில் ஏறி தென்காசி, செங்கோட்டை தாண்டி இறங்கினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் பல வருடமாகக் கட்டற்ற மென்பொருள்தான். மலைக்கு அந்தப் பக்கம் முடிகிறது. இந்தப் பக்கம் மூடியில் யார் படம் போடுவது என்ற கொள்கை விவாதமே முடியவில்லை.

ஏழைக்கு எது போதும் என்று மைக்ரோசாஃப்டே கணக்குப் போட்டு வைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்தியா, தாய்லாந்து போன்ற நாடுகளுக்கென்றே ‘ஸ்டார்ட்டர்’ என்று ஒரு பதிப்பு. கடையில் தனியாகக் கிடைக்காது, மலிவு மிஷினில் ஒட்டி மட்டுமே வரும். அதில் ஒரே நேரத்தில் மூன்று புரோகிராமுக்கு மேல் திறக்க முடியாது. ராஜபாளையம் மில்லில் வேலை செய்கிற பெண் ஒரே நேரத்தில் எத்தனை கதிரைப் பார்க்கிறாள், வீட்டில் எத்தனை அடுப்பைப் பார்க்கிறாள் என்று அமெரிக்காவில் எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஏழை நாட்டான், மூன்று வேலை போதும். 2009-இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் மூன்று என்ற கட்டு போய்விட்டது. பதிலுக்கு, திரையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது என்றார்கள். குலசாமி படத்தை வைத்துக்கொள்ளக்கூட மேல் ரகம் வாங்க வேண்டும். இதற்கு எவ்வளவு செலவு மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு காசு மிச்சமில்லை. படம் மாற்றும் வசதி ஏற்கெனவே இருந்தது. அதைப் பூட்டுவதற்குத்தான் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல் வேண்டும். 2017-க்கு முன்னால் செய்த மிஷின்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. ரீட்டெயில் உரிமம் வைத்திருந்தவர் அதைப் புது மிஷினுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஓஇஎம்காரருக்கு? மிஷின் மேலே ஏற முடியாது, உரிமம் வெளியே வர முடியாது. உரிமம் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் வழக்கமான மருந்து நின்றுவிட்டது. புது லேப்டாப் வாங்க வேண்டும், அதற்குள் இன்னொரு விண்டோஸுக்கு மறுபடி காசு. ஒரே ஆள் ஒரே சரக்குக்கு எத்தனை தடவை காசு கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. பில்லில்தான் எழுதவே இல்லையே.

கூமாப்பட்டி அந்த வருடம் ஜூனில் ரீல்ஸில் உலகப் புகழ் பெற்றது. ஊரெல்லாம் வண்டி, கையெல்லாம் கேமரா. அதே வருடம் மார்ச் மாத பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும் ஒன்று வரும். நல்லது, கொடுக்க வேண்டியதுதான். டெண்டரில் ராம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு நேரம், பை என்ன நிறம் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த அரசு நிறுவனமான எல்காட்டுக்கு, ‘உரிமம் போர்டுக்கு வேண்டாம், மாணவருக்கு வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கப் பேனாவில் மை இல்லையா? 20 லட்சம் மிஷின் வாங்குகிறவன் கேட்டால் மறுப்பதற்கு எந்தக் கம்பெனிக்குத் தெம்பு இருக்கிறது? பஸ் பாஸ் மாணவர் பெயரில், ரேஷன் அட்டை குடும்பத் தலைவர் பெயரில், விண்டோஸ் மட்டும் ஒரு பச்சைத் தகட்டின் பெயரில். அந்தத் தகட்டுக்கு வாக்காளர் அட்டையும் கொடுத்துவிட்டால் நிர்வாகம் முழுமை பெறும்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேறென்ன, போர்டை மாற்றினார், கிராக் விண்டோஸ் போட்டார். கடைக்கு ஆள் காத்திருக்கும்போது பத்தாயிரம் கொடுத்து இரண்டாம் தடவை வாங்க அவருக்கு வழியில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அவருக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, 63பி. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000-லிருந்து 2 லட்சம் வரை. சும்மா வீட்டில் பயன்படுத்தியவர் என்றால் நீதிமன்றம் சிறையை மன்னிக்கலாம். அவரோ பிழைப்புக்குப் பயன்படுத்தியவர். அடுத்தவர் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கூலி வாங்கியவர். ஒரு தடவை முழுசாகக் காசு கொடுத்தேன் என்பதற்கு அவரிடம் லேப்டாப் பில் இருக்கிறது. அதில் விண்டோஸ் என்ற வார்த்தை இல்லை.

மதுரை மத்தியச் சிறையில் தட்டு, டம்ளர், போர்வை கொடுப்பார்கள். அவையும் சொந்தமில்லை, வெளியே எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் அதை உள்ளே போகும்போதே சொல்லிவிடுவார்கள்.